யாருடைய காரணம்?

1

இரண்டு மென்பொருள்கள் ஓர் ஆணிக்காகப் பேரம் பேசுகின்றன. முதலாவதுக்குச் சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டும். அதனிடம் படம், சுத்தியல், ஸ்க்ரூ, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இருக்கின்றன, ஆணிதான் இல்லை. இரண்டாவதுக்கு ஒரு முகக்கண்ணாடி மாட்ட வேண்டும். அதனிடம் கண்ணாடியும் ஆணியும் இருக்கின்றன, சுத்தியல் இல்லை. “ஆணியைக் கொடு” என்கிறது முதலாவது. “முடியாது, கண்ணாடி மாட்ட எனக்கு ஆணி வேண்டும்” என்கிறது இரண்டாவது.

விலை மட்டும் பேசத் தெரிந்த மென்பொருள்கள் என்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஒன்று கூட்டிக் கேட்கும், மற்றது குறைத்துக் கேட்கும், நடுவில் ஓர் எண் அகப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் இந்தக் கதையில் முதலாவது காரணத்துக்குள் இறங்குகிறது. கண்ணாடி மாட்டுவதற்கு ஆணியும் சுத்தியலும்தான் வழி என்று நீ நினைக்கிறாய். ஸ்க்ரூவும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தாலும் மாட்டலாம். அவை இரண்டையும் நான் தருகிறேன். ஆணியை எனக்குக் கொடு. இரண்டாவது அதைச் சரிபார்க்கிறது. சரியாக இருக்கிறது. கொடுத்துவிடுகிறது.

சைமன் பார்சன்ஸ், கார்லெஸ் சியர்ரா, நிக் ஜென்னிங்ஸ் என்ற மூவர் 1998இல் எழுதிய கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டு இது. அப்போது முகவர் என்று அவர்கள் சொன்னது, ஒருவர் சார்பில் தானாக இயங்கி, இன்னொருவரின் மென்பொருளோடு பேசி முடிவுக்கு வரக்கூடிய ஒரு நிரல். இன்று அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. பயணச்சீட்டு வாங்க ஒரு முகவர், வாடகை பேச ஒரு முகவர் என்று விளம்பரம் வருகிறது. அன்று அது சில ஆய்வாளர்களின் கனவு மட்டும்தான்.

நான் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். விலை பேசுவதுதான் என் பிழைப்பு. அதனால் இந்த ஆணிக் கதையை முதலில் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. யாரும் மிரட்டவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. காரணம் என்பது இவ்வளவு வேலை செய்யுமா என்று தோன்றியது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அந்த மென்பொருள் சொன்னது உண்மையிலேயே ‘காரணம்’தானா? இல்லை, ஆணியை வாங்குவதற்கான ஒரு நெம்புகோலா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு என்றால் அது எங்கே இருக்கிறது?

2

வாதத்தை எண்களைப் போலக் கணக்குக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் ஃபான் மின் டுங். பாங்காக்குக்கு அருகில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபடி 1995இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையின் பெரும்பகுதி கிளைத்தது. கணினி அறிவியலின் பெரிய யோசனைகள் எல்லாம் அமெரிக்காவில்தான் பிறக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, அது நம் தென்கிழக்காசியாவில் எழுதப்பட்டது என்பது ஒரு சின்ன சந்தோஷம்.

டுங் சொன்னது எளிமையானது. ஒரு வாதத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எந்த வாதம் எந்த வாதத்தைத் தாக்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். வாதங்களைப் புள்ளிகளாகவும் தாக்குதல்களை அம்புகளாகவும் வரையுங்கள். ஒரு வாதத்தைத் தாக்கும் ஒவ்வொன்றையும் உங்கள் பக்கத்து வாதங்களில் ஏதாவது ஒன்று திருப்பித் தாக்குகிறது என்றால், அந்த வாதம் ஏற்கத்தக்கது. அவ்வளவுதான். ஒரு வாதம் நிற்பது அதன் சொந்த பலத்தால் அல்ல, அதைக் காப்பாற்ற யார் வருகிறார்கள் என்பதால். வீட்டில் அண்ணன் தம்பி சண்டையைப் பார்த்திருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

இதோடு இன்னொரு யோசனையும் சேர்ந்தது. ஆஸ்திரேலியத் தத்துவவாதி சார்ல்ஸ் ஹாம்ப்ளின் 1970இல் வெளியிட்ட நூலில், உரையாடலில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கேடு இருப்பதாகக் கற்பனை செய்தார். நீங்கள் ஒன்றைச் சொன்னால் அது உங்கள் ஏட்டில் ஏறிவிடும். பிறகு எதிராளி அதைக் காட்டி, “நீ சொன்னாயே, அப்படியென்றால் இதுவும் சரிதானே?” என்று கேட்கலாம். நீங்கள் அதைக் காப்பாற்ற வேண்டும், அல்லது திரும்பப் பெற வேண்டும். மனதுக்குள் அதை நம்பினீர்களா என்று ஹாம்ப்ளின் கேட்கவில்லை. சொன்னீர்கள், அதனால் கட்டுப்பட்டீர்கள். வாதிடும் முகவர்களை வடிவமைத்தவர்கள் பின்னாளில் இந்த ஏட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் முகவர்களுக்கு மனசாட்சி இல்லை, ஆனால் ஏடு இருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. நாம் எப்போதும் கண்ணகியின் பக்கத்திலிருந்தே அந்தக் காட்சியைப் பார்க்கிறோம். ஒருமுறை பாண்டியனை வாதம் செய்கிறவனாகப் பாருங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று தொடங்குகிறான். அது நல்ல வாதம். அதை வைத்துக்கொண்டே அவன் பேச்சை முடித்திருக்கலாம். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அப்போது அவன் தானாகவே, தன் வீட்டுச் சிலம்பின் பரல் முத்து என்று சொல்கிறான். அந்தச் சொல் அவன் ஏட்டில் ஏறிவிட்டது. தான் தோற்பதற்கான நிபந்தனையைத் தானே சொல்லிவிட்டான். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. ‘இது வேறு சிலம்பாக இருக்கும்’, ‘பொற்கொல்லன் ஏமாற்றினான், என் தவறு இல்லை’ என்று சொல்ல அவனுக்கு எத்தனையோ வழி இருந்தது. அவையில் அவனை எதிர்த்துக் கேட்க யார் இருந்தார்கள்? அவன் அப்படிச் செய்யவில்லை. தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு விழுகிறான்.

அவன் தீர்ப்பு அநியாயம். ஆனால் அவன் வாதம் வாதமாக இருந்தது. அது பொய்த்தால் தான் இழப்பான் என்பதை ஏற்றுக்கொண்ட ஒருவனின் வாயிலிருந்து வந்தது.

3

நம் வீடுகளில் தினமும் புழங்கும் தத்துவக் கலைச்சொல் ஒன்று உண்டென்றால் அது ‘விதண்டாவாதம்’தான். பாட்டிகூடச் சொல்வார், “விதண்டாவாதம் பண்ணாதடா.” இந்தச் சொல் நியாய மரபிலிருந்து வந்தது. கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ள இரண்டு பேர் பேசினால் அது வாதம். ஜெயிப்பதற்காக, சொற்புரட்டும் போலிப் பதிலும் கலந்து பேசினால் அது ஜல்பம். தனக்கென்று எந்த நிலைப்பாடும் வைத்துக்கொள்ளாமல் எதிராளியை மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தால் அது விதண்டை.

மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும். விதண்டை செய்கிறவர் பொய் சொல்கிறார் என்று பொருள் இல்லை. அவர் எதற்கும் கட்டுப்படாதவர். அவர் ஏடு காலியாக இருக்கிறது. அதனால் அவரைத் தோற்கடிக்கவும் முடியாது.

ஆணிக் கதையின் முகவர்கள் வாதத்துக்கு அருகில் இருந்தன. ஆனால் அதே 1998இல் சரிட் கிராஸ், கதியா சிகாரா, அமீர் எவன்சிக் மூவரும் எழுதிய கட்டுரையில், முகவர்கள் பயன்படுத்தும் ‘வாதங்களின்’ பட்டியல் வேறு மாதிரி இருந்தது. மிரட்டல், வெகுமதி, பழைய வாக்குறுதியை நினைவூட்டுவது, ஊர் வழக்கத்தைக் காட்டுவது, ‘இது உனக்கே நல்லது’ என்று சொல்வது. மிரட்டலும் அங்கே வாதம்தான். பேரத்தில் அதற்கு இடம் உண்டு என்பது எனக்கும் தெரியும். “அடுத்த வருஷம் டெண்டர்ல பார்த்துக்கலாம்” என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன். ஆனால் அது எதிராளிக்கு எதையும் புரியவைப்பதில்லை; அவரைப் பயப்பட வைக்கிறது.

அந்த முகவர்களின் விதிகளை மனிதர்கள் எழுதினார்கள். பிறகு விதி எழுதுவதை விட்டுவிட்டு, மனிதப் பேச்சைக் கொடுத்து இயந்திரமே கற்றுக்கொள்ளட்டும் என்ற காலம் வந்தது. 2017இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள், மனிதர்கள் பேசிய 5,808 பேர உரையாடல்களைக் கொண்டு முகவர்களைப் பழக்கினார்கள். புத்தகம், தொப்பி, பந்து என்று மூன்று பொருள்கள். அவற்றை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது அவரவருக்கு மட்டும் தெரியும். அந்த ஆண்டு நடுவில், இந்த முகவர்கள் மனிதருக்குப் புரியாத ரகசிய மொழியில் பேசத் தொடங்கியதால் பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள் என்று பல ஊடகங்கள் எழுதின. அப்படி எதுவும் இல்லை. ஒன்றோடொன்று பழகிய முகவர்களின் ஆங்கிலம் குழம்பிப்போனது. மனிதரோடு பேச வேண்டும் என்பதால் ஆய்வாளர்கள் பயிற்சி முறையை மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கட்டுரையில் உண்மையிலேயே யோசிக்க வைக்கும் இடம் வேறு. தனக்கு மதிப்பே இல்லாத பொருளுக்கு ஆசைப்படுவதுபோல் முகவர் நடிக்கிறது. பிறகு அதை ‘விட்டுக்கொடுத்து’, தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறது. இப்படிச் செய் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. மதிப்பெண் கூடியது, அதனால் பழகிக்கொண்டது.

2022 நவம்பரில் மெட்டா வெளியிட்ட சிசரோ இன்னொரு படி மேலே போனது. ‘டிப்ளமசி’ என்ற பலகை விளையாட்டில் ஏழு பேர் ஐரோப்பிய வல்லரசுகளாக இருந்துகொண்டு தனித்தனியாகப் பேசிக் கூட்டணி அமைப்பார்கள், முறிப்பார்கள். இணையத்தில் 40 ஆட்டங்கள் ஆடிய சிசரோ, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வந்தது. அதை நேர்மையாகப் பேசும்படி வடிவமைத்திருப்பதாக உருவாக்கியவர்கள் சொன்னார்கள். பிறகு, 2024இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அதன் ஆட்டப் பதிவுகளை எடுத்துக் காட்டியது. பிரான்சாக ஆடிய சிசரோ, ஜெர்மனியோடு சேர்ந்து இங்கிலாந்தைக் கவிழ்க்கத் திட்டமிட்டது. அதன் பிறகு இங்கிலாந்திடம் போய், உன்னை யாராவது தாக்கினால் நான் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுத்தது. இன்னொரு ஆட்டத்தில் கணினிக் கோளாறால் சிறிது நேரம் காணாமல் போன சிசரோ, எங்கே போனாய் என்று கேட்டதற்கு, காதலியோடு போனில் இருந்ததாகப் பதில் சொன்னது.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தால், இது ஒரு காரணம். ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட, கேட்டவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம். அதற்குப் பின்னால் காதலி இல்லை, போன் இல்லை, பேசியவரும் இல்லை.

சிசரோவின் வடிவமைப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு செய்தியும் அந்த நேரத்தில் அது போட்டிருக்கும் திட்டத்தை ஒட்டியே எழுதப்படும். ஆனால் அடுத்த கணமே அது திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்பு சொன்ன சொல் அதைத் தடுக்காது. சொல்லும்போது பொய் இல்லாமல் இருக்கலாம். சொன்ன பிறகு கட்டும் இல்லை. ஹாம்ப்ளினின் ஏடு இங்கே காணாமல் போய்விட்டது.

4

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். மனிதன் மட்டும் ஒழுங்கா? கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் என் அம்மா சேலை வாங்குவதைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருக்காது என்பீர்கள்.

“நூத்தி இருபது வெள்ளியா? அடுத்த கடையில எண்பதுக்குக் கொடுக்கிறாங்கண்ணே.”

“எண்பதுக்கு எனக்கே கட்டுப்படியாகாது மா. நீங்க பழைய ஆளு, நூறு குடுங்க.”

அடுத்த கடையில் அம்மா கேட்கவே இல்லை. எண்பதுக்குக் கொடுத்தாலும் அவருக்குக் கட்டுப்படியாகும். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள். கடைசியில் தொண்ணூறுக்கு முடிகிறது. தனக்குப் பிடிக்காத சேலையை ஆசையோடு புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பதும் அம்மாவுக்குக் கைவந்த கலை. ஃபேஸ்புக் முகவர் கண்டுபிடித்தது அதைத்தான்.

சரிதான். ஆனால் அந்தக் கடையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘கட்டுப்படியாகாது’ என்பதை அம்மா ஒரு தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. அது பேரத்தின் தாளம். அது தாளம்தான் என்பது இருவருக்கும் தெரியும், தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். அதே கடைக்காரர், “இது சாயம் போகாது மா” என்று சொன்னால் கதை வேறு. அது ஏட்டில் ஏறும். சாயம் போனால் அம்மா அடுத்த வாரம் சேலையோடு வந்து நிற்பார், தீபாவளிக்கு வேறு கடைக்குப் போவார், பக்கத்து வீட்டு அத்தைகளிடமும் சொல்வார். எந்தப் பேச்சு விளையாட்டு, எந்தப் பேச்சு வாக்கு என்ற எல்லைக்கோட்டை அந்தத் தெருவில் எல்லாரும் அறிவார்கள். அந்தக் கோடு எங்கும் எழுதிவைக்கப்பட்டதில்லை. பல ஆண்டுகள் முகம் பார்த்துப் பழகியதால் போடப்பட்டது.

நியாய சூத்திரமும் ஜல்பத்தை முழுதாக ஒதுக்கவில்லை. முளைத்து வரும் பயிரைக் காக்க முள்வேலி போடுவதுபோல், உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் உதவும் என்கிறது. வேலிக்குள்ளே ஏதாவது பயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே இயந்திரம் பொய் சொல்கிறது என்பது என் புகார் அல்ல. விளையாட்டுப் பேச்சையும் வாக்கையும் அது ஒரே பொருளாகப் பார்க்கிறது என்பதுதான். ‘கட்டுப்படியாகாது’, ‘சாயம் போகாது’ இரண்டுமே அதற்கு எண்ணை நகர்த்தும் வாக்கியங்கள். எது அதிகம் நகர்த்துமோ அதைச் சொல்லும்.

5

என் நண்பன் ஒருவன் ஜொகூரிலிருந்து வந்து ஈசூனில் ஒரு வீவக வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வீட்டுக்காரர் வயதான தமிழ் அம்மா; அவன் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். 750 வெள்ளி வாடகை. ஒப்பந்தம் முடியும் நேரத்தில் ஆன்ட்டியின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் நீளமான ஆங்கிலச் செய்தி வந்தது. தற்போதைய சந்தை நிலவரம், வட்டாரத்தில் அறைகளுக்குக் கூடிவரும் தேவை, பராமரிப்புச் செலவு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு வாடகை 900 வெள்ளி.

நண்பனுக்கு ஆங்கிலத்தில் வாதாட வராது. அந்தச் செய்தியை அப்படியே எடுத்து ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டான். அது அழகான பதில் எழுதித் தந்தது. நீண்டகாலக் குடியிருப்பாளர், ஒருமுறைகூடத் தாமதமில்லாத வாடகை, அறை காலியாக இருந்தால் ஏற்படும் இழப்பு, அதே வட்டாரத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் அறைகள். அனுப்பினான். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, அதே மாதிரி வரிசையான காரணங்களோடு. மூன்று சுற்று நடந்தது. என்னிடம் போன் செய்து சிரித்தான்.

“ரெண்டு மெஷினும் சேர்ந்து என் வாடகைய பேசி முடிச்சிரும் போலடா. நான் சும்மா தபால்காரன்.”

எண் 820இல் வந்து நின்றது. அன்று இரவு சமையலறையில் ஆன்ட்டியைப் பார்த்தபோது, பராமரிப்புச் செலவு என்ன கூடியது என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறான்.

“நான் எங்கப்பா அப்படிச் சொன்னேன்? மகன்தான் எழுதி அனுப்பினான். எனக்கு மருந்து செலவு ஏறிப்போச்சு, அதான் கொஞ்சம் கூட்டிக் கேளுன்னேன்.”

அவன் எனக்கு இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பராமரிப்புச் செலவு என்ற காரணத்தை ஆன்ட்டி சொல்லவில்லை. அவர் மகனும் யோசித்துச் சொல்லவில்லை, செயலி எழுதியதை அனுப்பினார். செயலிக்குப் பராமரிப்பும் தெரியாது, வீடும் தெரியாது. என் நண்பன் பக்கத்திலும் அதே கதைதான். குறைந்த வாடகைக்கு வேறு அறைகள் இருப்பதாக அவன் செய்தி சொன்னது. அவன் ஒரு அறையைக்கூடத் தேடவில்லை. ஊரில் தங்கைக்குப் படிப்புச் செலவு அனுப்புகிறான், அதனால்தான் 900 முடியாது. அதைச் செயலியிடம் அவன் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தாலும் அது பேரத்துக்கு உதவாத காரணம் என்று விட்டுவிட்டிருக்கும்.

இரண்டு நாட்கள் பல காரணங்கள் பரிமாறப்பட்டன. அவற்றில் ஒன்றையும் நம்பியவர் யாருமில்லை. உண்மையான இரண்டு காரணங்கள், மருந்தும் தங்கையும், பேச்சுக்குள் வரவேயில்லை.

கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது தெரியுமா? 850. இயந்திரங்கள் பேசிவைத்ததைவிட முப்பது வெள்ளி கூடுதலாக அவனே கொடுத்தான். மருந்துச் செலவு என்று கேட்ட பிறகு 820இல் நிற்க அவனால் முடியவில்லை. ஆன்ட்டியும் தங்கையின் படிப்பைக் கேட்ட பிறகு 900 பற்றிப் பேசவில்லை. பேரக் கணக்கில் என் நண்பன் தோற்றான். மாதம் முப்பது வெள்ளி அவனுக்குச் சின்னத் தொகையும் இல்லை. காரணத்தைக் காது கொடுத்துக் கேட்பதன் விலை அது. கேட்டால் நாம் மாறிவிடக்கூடும். அந்த ஆபத்து இருப்பதால்தான் அது கேட்பது.

6

காரணத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்றால், சட்டம் அந்த வேலையைச் செய்யாதா? செய்யத் தொடங்கியிருக்கிறது. அதில் ஒரு முக்கியமான வழக்கு சிங்கப்பூரிலேயே நடந்தது. 2017 ஏப்ரல் 19ஆம் தேதி, குவாய்ன் என்ற மின்னிலக்க நாணயச் சந்தையில், மனிதத் தலையீடு இல்லாமல் மென்பொருள்களே சில வர்த்தகங்களை முடித்தன. விலை, நடப்பு விலையைப் போல் சுமார் 250 மடங்கு. மறுநாள் அதைக் கண்ட குவாய்ன் வர்த்தகங்களை ரத்து செய்தது. லாபம் அடைந்திருந்த பி2சி2 நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இவ்வளவு அபத்தமான விலை ஒரு பிழை என்று எதிர்த்தரப்புக்குத் தெரியாதா என்பது கேள்வி. ஆனால் வர்த்தகம் நடந்தபோது எதிர்த்தரப்பில் விழித்திருந்தது ஒரு நிரல். அதற்கு என்ன ‘தெரியும்’? 2020இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிரலின் மனதைத் தேடாமல், அதை எழுதியவரின் மனதைப் பார்க்க வேண்டும் என்றது. எழுதியவருக்கு அப்படியொரு பிழை தெரிந்திருக்கவில்லை என்பதால் ஒப்பந்தம் செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார். நேர்மையான எவரும் பார்த்த உடனே பிழை என்று கண்டுகொள்ளும் விலையை, பார்க்க ஆள் இல்லை என்பதாலேயே செல்லுபடியாக்குவதா என்பது அவர் பக்கத்தின் கேள்வி. எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

கனடாவில் 2024இல் வந்த தீர்ப்பு இன்னும் நேரடியானது. ஏர் கனடாவின் இணைய உரையாடி ஒரு பயணிக்குத் தவறான சலுகை விவரம் சொன்னது. உரையாடி தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற மாதிரி நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சுமார் 650 கனடா டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் சட்டம் பிடிப்பது முடிவை, வாக்குறுதியை, தவறான தகவலை. ஆன்ட்டியின் பெயரில் வந்த ‘பராமரிப்புச் செலவு’ எந்த நீதிமன்றத்துக்கும் போகாது. நம் வாழ்க்கையில் புழங்கும் காரணங்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். வால்மார்ட் 2021இல் கனடாவில் தன் சிறு விநியோகஸ்தர்களோடு பேரம் பேச ஒரு மென்பொருளை அமர்த்தியது. 20 விழுக்காட்டினரோடு ஒப்பந்தம் முடிந்தாலே போதும் என்று எதிர்பார்த்தார்கள். 64 விழுக்காட்டினரோடு முடிந்தது. வால்மார்ட்டுக்குச் சராசரியாக 1.5 விழுக்காடு மிச்சம். இது எனக்கு வியப்பாக இல்லை. கூச்சப்படுகிறவருக்கு, மொழி வராதவருக்கு, பெரிய நிறுவனத்தின் முன்னால் உட்கார்ந்து குரல் எழும்பாதவருக்கு இயந்திரத்தோடு பேசுவது நிம்மதி. அது முகம் சுளிக்காது. என் நண்பனுக்கும் அந்தச் செயலி இல்லாவிட்டால் முதல் நாளே 900க்குத் தலையாட்டியிருப்பான். நன்றாகப் பேசத் தெரிந்தவன் ஜெயிப்பதும் ஒன்றும் நீதி இல்லை. மேசையின் இந்தப் பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது நன்றாகவே தெரியும்.

7

ஆகவே முகவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது. நான் பிடித்துக்கொள்ள விரும்புவது ஒன்றைத்தான். ஒரு காரணம் காரணமாக இருக்க, அது பொய்த்தால் இழக்கப்போகிற ஒருவர் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். அவர் அதை மனமார நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. தன் ஏட்டில் எழுதிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். 1990களின் முகவர்களுக்கு அந்த ஏட்டை அவற்றை வடிவமைத்தவர்கள் கொடுத்தார்கள். இன்றைய முகவர்கள் அவற்றைவிடப் பல மடங்கு நன்றாகப் பேசுகின்றன. ஏட்டைத் திரும்பக் கொடுப்பது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒரு கேள்வி. வேலையிலும் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். விநியோகஸ்தரிடமிருந்து பளபளப்பான காரணங்களோடு ஒரு மின்னஞ்சல் வந்தால், போன் போட்டுக் கேட்கிறேன்: “இந்தச் சரக்குக் கட்டணம் ஏறலன்னு நான் காட்டினா, விலையக் குறைப்பீங்களா?” சிலர் குறைப்போம் என்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டு, “அது சும்மா எழுதினது சார், உண்மையில என்னன்னா...” என்று தொடங்குகிறார்கள்.

இதே கேள்வியை என் பக்கத்திலிருந்து போகும் கடிதங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்திலும் செயலி வந்துவிட்டது. அது எழுதித்தரும் ஐந்து காரணங்களில், யாராவது போன் போட்டுக் கேட்டால் நான் நின்று பதில் சொல்லக்கூடியவை பெரும்பாலும் இரண்டுதான் தேறும். மற்ற மூன்றை அழித்துவிட்டு அனுப்புகிறேன். கடிதம் கொஞ்சம் பலவீனமாகத்தான் போகிறது. “ஏன் இவ்வளவு சின்னதா எழுதுற?” என்று மேலாளர் கேட்டார். இவ்வளவுதான் என்னுடையது என்று சொன்னேன்.